வெட்கம்தான் முதல் பாடம்: மாவோரி மொழியைப் பெரியவர்களுக்குக் கற்றுத்தந்த 'தே அத்தாராங்கி' – ஒரு நிகழ்வு ஆய்வு

நியூசிலாந்தின் பூர்வகுடிகள் மாவோரிகள். 1913-இல் பள்ளிக்குப் போன மாவோரிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 90 பேர் தங்கள் மொழியைப் பேசினார்கள். 1953-இல் அது 26 ஆகக் குறைந்தது. 1975-இல் 5 பேர்கூட இல்லை. பாட்டி சரளமாகப் பேசிய மொழி, மகளுக்குப் புரியும் மொழியாகி, பேத்திக்குக் காதில் விழும் சத்தமாக மட்டும் மிஞ்சியது. இந்தச் சரிவின் அடிமட்டத்தில், 1979-இல், ஒரே ஊரில் பிறந்த இரண்டு பெண்கள் ஒரு கற்பித்தல் முறையைத் தொடங்கினார்கள். நியூசிலாந்தின் வடதீவில், கிழக்குக் கரையிலுள்ள தோகோமாரு வளைகுடாதான் அந்த ஊர். ஒருவர் கத்தரீனா மத்தாயிரா, இன்னொருவர் ஙோய் பேஃபைராங்கி. முறையின் பெயர் 'தே அத்தாராங்கி'.

இரண்டாம் மொழி கற்பித்தலில் 'மனிதநேய அணுகுமுறை' என்று ஒன்று உண்டு. கற்பவரின் பயம், தன்மதிப்பு, குழுவில் அவருக்குள்ள இடம் ஆகியவற்றை இலக்கணத்துக்குச் சமமாக வைத்துப் பார்ப்பது அது. ஆசிரியர் பயிற்சி நூல்களில் இதற்கு ஒன்றிரண்டு பக்கம் ஒதுக்குவார்கள். தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுவோம். பல்கலைக்கழகச் சுவருக்கு வெளியே, ஊர் மண்டபங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் இந்த அணுகுமுறை பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்த நிகழ்வு இது. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

மாணவர் யார்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இந்த முறையின் ஒரு விதியும் புரியாது.

1867-ஆம் ஆண்டின் சுதேசிப் பள்ளிகள் சட்டம் மாவோரிக் கிராமங்களுக்கு ஆங்கிலவழிப் பள்ளிகளைக் கொண்டுவந்தது. பிற்பாடு வந்த தலைமுறைகளில், பள்ளி வளாகத்துக்குள் தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அடி வாங்கியவர்கள் வளர்ந்து பெற்றோரானபோது, தம் பிள்ளைகளுக்கு அது நேர வேண்டாம் என்று ஆங்கிலத்திலேயே பேசி வளர்த்தார்கள். அவர்கள் செய்ததைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிராமமே நகரத்துக்குப் பெயர்ந்தது. 1945-இல் மாவோரிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் நகரவாசி. 1980-களில் ஐந்தில் நான்கு பேர் நகரத்தில். அங்கே அரசு வீட்டு வசதித் திட்டம் மாவோரிக் குடும்பங்களை வெள்ளையர் தெருக்களில் அங்கொன்று இங்கொன்றாகக் குடியமர்த்தியது. பக்கத்து வீட்டில் மொழி பேச ஆளில்லை.

ஆக, 1979-இல் வகுப்புக்கு வந்து உட்காருகிறவருக்கு முப்பது, நாற்பது வயது இருக்கும். பாட்டி பேசியது கொஞ்சம் புரியும். பதில் சொல்ல வாய் வராது. மராய் எனப்படும் குலச் சபை மன்றத்துக்குத் துக்கத்துக்கோ விசேஷத்துக்கோ போனால், முறைப்படி வரவேற்புரை நடக்கும். வந்தவர்கள் சார்பில் ஒருவர் எழுந்து மாவோரியில் பதிலுரை சொல்ல வேண்டும். இவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த நிலையை மாவோரிகள் 'ஃபகமா' என்பார்கள். வெட்கம், கூச்சம், சபையில் தன் நிலை தாழ்ந்துவிட்ட உணர்வு எல்லாம் சேர்ந்தது அது.

ஒரு வெளிநாட்டுக்காரர் மாவோரி பேசித் தடுமாறினால் சுற்றியிருப்பவர்கள் தட்டிக்கொடுப்பார்கள். மாவோரி முகமும் மாவோரிப் பெயரும் கொண்ட ஒருவர் தடுமாறினால், 'நீ எங்கள் ஆள்தானா?' என்று யாரோ கேட்பதுபோல அவருக்கே காதில் விழும். சொந்த மொழியை இரண்டாம் மொழியாகக் கற்பவரின் பாரம் இது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வளர்ந்து தமிழ் பேச வராத தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1972 செப்டம்பர் 14 அன்று, பள்ளிகளில் மாவோரி கற்பிக்கக் கோரி 30,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்டது. இளைஞர்கள் முன்னின்று நடத்திய இயக்கம் அது. ஆனால் பள்ளியில் பாடம் வந்தாலும் பள்ளியைத் தாண்டிவிட்ட அந்த நடுவயதுத் தலைமுறைக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. குழந்தை பள்ளியிலிருந்து ஒரு மாவோரிச் சொல்லோடு வீடு திரும்பினால், வாங்கிக்கொள்ள வீட்டில் யாராவது வேண்டுமே.

இரண்டு பெண்களும் ஒரு பெட்டிக் குச்சிகளும்

ஙோய் பேஃபைராங்கி 1921-இல் பிறந்தவர். பாட்டு கட்டுபவர். ஊர்க் கலைக்குழுவைப் பழக்கியவர், வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் மாவோரி கற்பித்தவர். 1984-இல் நியூசிலாந்தின் பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்த ஒரு மாவோரிப் பாட்டுக்கு வரிகள் எழுதியவரும் அவரே. கத்தரீனா மத்தாயிரா 1932-இல் பிறந்தவர். ஓவியம் பயின்ற ஆசிரியர், மாவோரியில் குழந்தைகளுக்கு எழுதியவர். ஒருவருக்கு ஊரின் நாடித்துடிப்பு தெரியும். மற்றவருக்குக் கற்பித்தல் முறைகள் தெரியும். இந்தச் சேர்க்கை அமைந்திராவிட்டால் இந்த முறை ஆராய்ச்சிக் கட்டுரையோடு நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

மத்தாயிரா எடுத்து ஆராய்ந்தது காலேப் கத்தேன்யோவின் 'மௌன வழி' என்ற மொழி கற்பிக்கும் முறை. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் 1911-இல் பிறந்தவர் கத்தேன்யோ. பெல்ஜியத்தில் க்விஸ்னேர் என்ற பள்ளி ஆசிரியர் கணக்குச் சொல்லித்தர உருவாக்கிய வண்ணக் குச்சிகளை அவர் மொழி வகுப்புக்குள் கொண்டுவந்தார். 1 சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை பத்து நீளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: மிகச் சிறியது வெள்ளை, அடுத்தது சிவப்பு, மிக நீளமானது ஆரஞ்சு. ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும், மாணவர் யோசித்துத் தானே பேச வேண்டும் என்பது கத்தேன்யோவின் கொள்கை. 1963-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

மனிதநேய அணுகுமுறை என்றால் பலரும் முதலில் சொல்லும் பெயர் சார்லஸ் கரன். சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர், கத்தோலிக்கப் பாதிரியார். கார்ல் ராஜர்ஸின் மனநல ஆலோசனை முறையில் ஊறியவர். அவர் வகுப்பில் மாணவர்கள் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் சொல்ல நினைப்பதைத் தன் தாய்மொழியில் சொல்வார். பின்னால் நிற்கும் ஆசிரியர் அதைப் புதுமொழியில் மெல்லக் காதோரம் சொல்வார். மாணவர் அதைக் குழுவுக்குத் திருப்பிச் சொல்வார். அது ஒலிநாடாவில் பதிவாகும். முட்டாளாகத் தெரிந்துவிடுவோமோ என்ற பெரியவர்களின் பயத்தைக் கரன் சரியாகப் பிடித்தார்.

ஆனால் அந்த முறையை அப்படியே மாவோரி வகுப்புக்குள் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் வாக்கியமே ஆங்கிலத்தில் வரும். அறையில் ஆங்கிலம் ஒருமுறை நுழைந்தால் பிறகு அதுதான் வீட்டுக்காரர். நூறு வருடமாக நடந்தது அதுவே. பயத்தைப் போக்கக் கரன் தாய்மொழியைக் கைப்பிடியாகக் கொடுத்தார். இங்கே மாணவரின் முதல் மொழி ஆங்கிலம், பயத்துக்கே மூலகாரணமும் ஆங்கிலம். அதனால் கைப்பிடியாக வேறொரு பொருள் தேவைப்பட்டது. அந்த இடத்தில்தான் குச்சிகள் வந்தன.

வகுப்புக்குள்

வழக்கமான ஒரு தொடக்க வகுப்பு இப்படிப் போகும். முதலில் பிரார்த்தனை, வாழ்த்து, ஒரு பாட்டு. எல்லோரும் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். கற்பிப்பவர் குச்சிகளை மேசையில் கொட்டுகிறார். ஒன்றை எடுத்துக் காட்டி, "ஹே ராக்காவ்" என்கிறார். இது ஒரு குச்சி. நிதானமாக, தெளிவாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார். கையால் ஒருவரைச் சுட்டுகிறார். அவர் சொல்கிறார். அடுத்தவர் சொல்கிறார். பிறகு சிவப்புக் குச்சி: "ஹே ராக்காவ் ஃபெரோ." மஞ்சள் குச்சி: "ஹே ராக்காவ் கோஃபாய்." நிறப்பெயர் பின்னால் வருகிறது என்று யாரும் விளக்குவதில்லை. நாலாவது குச்சிக்குள் எல்லோருக்கும் அது பிடிபட்டுவிடுகிறது.

அடுத்தது கொடுக்கல் வாங்கல். "ஹோமாய் தே ராக்காவ் ஃபெரோ" என்று கற்பிப்பவர் தன் பக்கம் கை நீட்டிச் சொன்னால், சிவப்புக் குச்சி அவரிடம் வர வேண்டும். அதே குச்சியை எதிரில் இருப்பவருக்குக் கொடுக்கச் சொல்லும்போது வினைச்சொல் மாறிவிடும்: "ஹோஆத்து." பேசுபவரை நோக்கி வந்தால் ஒன்று, பேசுபவரிடமிருந்து விலகிப் போனால் மற்றொன்று. குச்சி மேசையில் போகும் திசையே இலக்கணம். ஆங்கிலத்தில் இதை விளக்க அரைப் பக்கம் வேண்டும், விளக்கிய பிறகும் வாயில் வராது. இங்கே கை செய்வதை வாய் சொல்கிறது.

வாரங்கள் போகப் போக குச்சிகள் வேறு பொருளாகின்றன. நீளக் குச்சி தாத்தா, குட்டி வெள்ளை கைக்குழந்தை, நான்கு குச்சி சேர்த்தால் வீடு, ஒன்று படகு. உறவுமுறைச் சொற்களை ஆங்கிலம் வழியாகக் கற்றால் குழப்பம்தான். மாவோரியில் ஓர் ஆணுக்கு அண்ணன் 'துவாகானா', தம்பி 'தேய்னா', சகோதரி 'துவாஹீனே'. ஒரு பெண்ணுக்கு அக்காதான் 'துவாகானா', தங்கை 'தேய்னா', சகோதரன் 'துங்காநே'. அண்ணன், தம்பி என்று பிரித்தே பழகிய நமக்கு இதில் பாதி இயல்பாக இருக்கும். 'பிரதர்' என்ற ஒரே சொல்லோடு வளர்ந்தவருக்கு இல்லை. குச்சிகளை நீளவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் பேசுபவராக மாற்றிப் பார்த்தால், யார் யாரை எப்படி அழைப்பது என்று கண்ணெதிரே தெரியும்.

'என்னுடைய' என்பதற்கு மாவோரியில் இரண்டு வகை உண்டு. என் பிள்ளைகள் என்றால் 'ஆகு தமரீக்கி'. என் பெற்றோர் என்றால் 'ஓகு மாத்துவா'. என் பொறுப்பில் இருப்பது ஒரு வகை; என்னைத் தாங்குவது, எனக்கு மேலிருப்பது இன்னொரு வகை. வீடும் படகும் பெற்றோர் பக்கம். குச்சிக் குடும்பத்தை வைத்துப் பேசப் பேச இந்தப் பாகுபாடு விதியாகத் தெரியும் முன்பே பழக்கமாகிவிடும்.

இதில் உளவியல் நுட்பம் ஒன்று இருக்கிறது. மேசையைச் சுற்றியிருப்பவர்களின் கண்கள் எல்லாம் குச்சியின் மேல் இருக்கின்றன. பேசுகிறவரின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஃபகமா உள்ளவருக்கு அது எத்தனை பெரிய விடுதலை! மேலும், வண்ணக் குச்சிக்கு முன்னால் எல்லோரும் குழந்தைகளே. 'இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்' என்று யாரும் யாரையும் சொல்ல முடியாது.

ஐந்து விதிகள்

வகுப்பின் விதிகள் எளிமையானவை. ஆங்கிலம் பேசக் கூடாது. ஒருவருக்கு இன்னொருவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. உன்னைக் கேட்டால் மட்டும் பதில் சொல். மற்றவரின் நம்பிக்கையையும் பின்னணியையும் இழிவாகப் பேசாதே. ஒருவரிடம் ஒருவர் மென்மையாக இரு.

இரண்டாவது விதியைத்தான் நான் முறையின் இதயம் என்பேன். ஒருவர் திணறும்போது பக்கத்தில் இருப்பவர் கிசுகிசுத்துச் சொல்லிக்கொடுப்பது உதவிதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கிசுகிசுப்பு, 'உனக்கு வராது, எனக்கு வரும்' என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. திணறுகிறவர் தானே தேடி எடுக்கவிருந்த சொல்லைப் பறித்தும் விடுகிறது. அதனால் அறை காத்திருக்கும். பத்து நொடி, இருபது நொடி. யாரும் இருமக்கூட மாட்டார்கள். வேகமாகக் கற்பவர்கள் வகுப்பைக் கைப்பற்ற முடியாது. மெதுவாக வருகிறவருக்கு அவருடைய நேரம் முழுதாகக் கிடைக்கும். கத்தேன்யோவிடம் மௌனம் ஒரு கற்பித்தல் உத்தி. மத்தாயிராவும் பேஃபைராங்கியும் அதையே ஒருவருக்கொருவர் தரும் மரியாதையாக்கினார்கள்.

ஆங்கிலத் தடை மாணவர்களைவிடக் கற்பித்த முதியவர்களுக்கே கடினமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பேரப்பிள்ளை வயதில் ஒருவர் எதிரே தடுமாறும்போது, இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது அந்தத் தலைமுறையின் இயல்பு. மொழி தேய்ந்ததில் அந்த இரக்கத்துக்கும் பங்குண்டு. இரக்கத்தை வேறு வழியில் காட்டு, பொறுத்திரு என்று சொன்னது இந்த விதி.

ஆசிரியர் யார்?

மொழி நன்றாகத் தெரிந்தவர்களிடம் சான்றிதழ் இல்லை. பாட்டிகள், தோட்ட வேலை செய்தவர்கள், இல்லத்தரசிகள். இவர்களை ஆசிரியராக்கியதுதான் இந்த முறையின் துணிச்சல். நிறுவனர்கள் இருவரும் நாடெங்கும் போய் மொழி பேசுபவர்களைப் பழக்கினார்கள். இலக்கணக் கலைச்சொல் ஒன்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. பாடநூல் வேண்டாம், கரும்பலகை வேண்டாம். ஒரு பெட்டிக் குச்சிகளும் பொறுமையும் போதும். வகுப்பு மராயில் நடக்கலாம், மாதா கோயில் கூடத்தில் நடக்கலாம், ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையிலும் நடக்கலாம். கற்றவர்களில் தேறியவர் அடுத்த வகுப்பை எடுப்பார். ஒரு முதியவரைக் கூப்பிட்டு, 'உங்கள் வாயில் இருப்பது செல்வம், வந்து கொடுங்கள்' என்று கேட்கும்போது, சிறுவயதில் அந்த மொழிக்காக அடி வாங்கியவருக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த முறை மாணவர்களின் வெட்கத்தை மட்டும் பார்க்கவில்லை.

வகுப்புக்கு அப்பால் தங்கல் முகாம்களும் உண்டு. சில நாட்கள் மராயிலேயே தங்கி, சமைப்பது, பாத்திரம் கழுவுவது, தூங்கப் போவது எல்லாம் மாவோரியில். குச்சி காட்ட முடியாத சொற்கள் அங்கே கிடைக்கும். நம்பிக்கை, ஏக்கம், கேலி, கோபம் இவற்றை எந்த நிறக் குச்சியாலும் காட்ட முடியாதல்லவா?

எது நடந்தது, எது நடக்கவில்லை

தொடக்கம் முதல் இதுவரை 50,000-க்கும் மேற்பட்டோருக்குக் கற்பித்திருப்பதாக தே அத்தாராங்கி அமைப்பு சொல்கிறது. 1982-இல் வெல்லிங்டன் அருகே வைனுயோமாத்தாவில் முதல் 'கோஹங்கா ரேயோ' திறந்தது. மழலையரை முழுக்க மாவோரியில் வளர்க்கும் மொழிக்கூடு அது. சில ஆண்டுகளிலேயே அவை நூற்றுக்கணக்காகப் பெருகின. பிள்ளையை அங்கே சேர்த்த பெற்றோருக்குத் தாங்களும் கற்க வேண்டிய கட்டாயம் வந்தது. பெரியவர்களுக்கான முறை ஒன்று கைவசம் இருந்தது அப்போது உதவியது. மத்தாயிரா பின்னர் மாவோரிவழிப் பள்ளிகளின் கொள்கை ஆவணத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1987-இல் மாவோரி ஆட்சிமொழியானபோது அமைந்த மொழி ஆணையத்திலும் இருந்தார். பேஃபைராங்கி அதைப் பார்க்கவில்லை. 1985 ஜனவரியில் காலமானார். மத்தாயிரா 2011-இல் மறைந்தார்.

மாவோரியில் உரையாட முடிந்தவர்கள் 2018 கணக்கெடுப்பில் சுமார் 1,86,000 பேர்; 2023-இல் சுமார் 2,14,000. இதை இந்த ஒரு முறையின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. பள்ளிகள், தொலைக்காட்சி, சட்டம், போராட்டம் எல்லாம் சேர்ந்த விளைவு அது. மாவோரி மக்களுக்குள் மட்டும் பார்த்தால் 1996-இல் நான்கில் ஒருவர் பேசினார்; 2013-இல் அது 21.3 விழுக்காடாக இறங்கியிருந்தது. எண்ணிக்கை ஏறுவதும் விகிதம் இறங்குவதும் ஒரே சமயத்தில் நடக்கும்.

குறைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். எழுத்துக்கு இதில் தொடக்கத்தில் இடமில்லை. பேச்சு முதலில் என்பது சரியே. ஆனால் படித்துப் பழகிய சிலருக்குச் சொல் கண்ணில் பட்டால்தான் மனத்தில் நிற்கும், அவர்கள் தவிப்பார்கள். பின்னாளில் உயர்கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து நடத்திய முழுநேரப் படிப்புகளில் வாசிப்பும் எழுத்தும் வந்தன. அடுத்தது இன்னும் ஆழமானது. முதல் தலைமுறையில் கற்பித்தவர்கள் தாய்மொழியாகப் பேசியவர்கள். அவர்கள் மறைய மறைய, இதே முறையில் இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். சொற்கள் மாவோரியாக இருந்தாலும் சிந்தனை ஓட்டம் ஆங்கிலமாகிவிடும் ஆபத்து அதில் உண்டு. நீண்ட தங்கல் முகாம்களில் முதியவர்களோடு உட்கார வைப்பதுதான் அதற்கு இருக்கும் மருந்து. முதியவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள்.

வகுப்பில் சரளமாகப் பேசுகிறவர் வீட்டுக் கதவைத் திறந்ததும் ஆங்கிலத்துக்கு மாறுவதும் கண்ணில் பட்டது. வகுப்பில் மௌனம் காக்கச் சக மாணவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் அவசரமும் பசியும் இருக்கின்றன. இதற்காக 'காய்ங்கா கோரேரோரேரோ' என்ற திட்டத்தை அமைப்பு நடத்தியது. மொழி தெரிந்த வழிகாட்டி ஒருவர் குடும்பங்களோடு சேர்ந்து, எந்த நேரத்தில், எந்த அறையில், யாரோடு மாவோரி மட்டும் பேசுவது என்று அவர்களையே முடிவுசெய்ய வைப்பார். பிள்ளையைக் கண்டிக்க, குளிக்க வைக்க, சாப்பாட்டு மேசையில் சண்டையை விலக்க என்னென்ன வாக்கியம் வேண்டும் என்று அந்தந்த வீட்டுக்கு ஏற்றபடி எடுத்துக்கொடுப்பார். வகுப்பில் தடைசெய்யப்பட்டிருந்த அந்த எடுத்துக்கொடுத்தல் வீட்டில் தேவையான உதவியானது. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும் மொழி தெரிந்த வீடுகளில் இது மெல்லத்தான் நகர்கிறது.